நாளை வேறு வழியில்

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனைக்கு மணி அடிப்பதற்குள் பாடக்குறிப்பு நோட்டுகள் தலைமையாசிரியர் மேசைக்கு வந்துவிட வேண்டும். குரோம்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டி இருந்த அந்த உயர்நிலைப் பள்ளியில் மற்ற எதற்கும் சாக்கு உண்டு, இதற்குக் கிடையாது. மின்சார ரயில் நடுவழியில் நின்றுபோகலாம், ஆசிரியருக்குக் காய்ச்சல் வரலாம், நோட்டு மட்டும் வந்தாக வேண்டும். தலைமையாசிரியர் ஸ்ரீநிவாசராகவன் அவற்றை அடுக்கி வைத்துக்கொண்டு பக்கம் புரட்டிச் சிவப்பு மசியில் கையெழுத்துப் போடுவார். படிப்பாரா என்றால், மாட்டார். அத்தனை ஆசிரியர்கள் எழுதுவதை ஒரே மனிதர் வாராவாரம் படித்தால் பித்துப் பிடித்துவிடும். அவர் படிக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதினார்கள்.

அங்கே மூத்த ஆங்கில ஆசிரியர் லக்ஷ்மிநாராயணன். அவர் பாடக்குறிப்பு என்று உண்மையில் எழுதியது வேலைக்குச் சேர்ந்த வருடம் ஒரே ஒரு முறைதான். அதன் பிறகு தேதியை மட்டும் மாற்றி அதையே பார்த்து எழுதுவதோடு சரி. "பாடமும் மாறலை, பெஞ்சும் மாறலை, நான் மட்டும் எதுக்கு மாறணும்?" என்பார். ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே, நடத்தியது எப்படி இருந்தது என்று ஆசிரியரே எழுத ஓர் இடம் உண்டு. பாடம் நடத்துவதற்கு முன்பே அதில் அவர் எழுதிவிடுவார்: 'நோக்கம் நிறைவேறியது.' மொழிப் போராட்டத்தின்போது பள்ளிகளை இழுத்து மூடிவிட்டார்களே, அந்த வாரத்துக்கும் 'மாணவர்கள் மிகுந்த ஆர்வத்துடன் பங்கேற்றனர்' என்று எழுதி அதற்கும் கையெழுத்து வாங்கியவர் அவர். ஆசிரியர் அறையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நல்ல மனிதர்தான். யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை, யாருக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அதே அறையில் ஜன்னலோரம் உட்காருபவர் ரத்தினபாய் டீச்சர். பத்தாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு இங்கிலீஷ் லக்ஷ்மிநாராயணன், இன்னொரு பிரிவுக்கு இவர். மேற்குத் தாம்பரம் கடப்பேரியில் வீடு. கணவர் தயாளனுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. கஞ்சி போட்ட வாயில் புடவை, கையில் குடை, வாயில் உண்மை. இந்த மூன்றும் இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து நிற்கும் பெண்கள், "ரத்தினபாய் அக்காகிட்ட மட்டும் புடவை நல்லாயிருக்கான்னு கேட்டுடாதீங்க" என்று ஒருவரை ஒருவர் எச்சரிப்பார்கள். பொய் சொல்லத் தெரியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பணம் இருப்பவர்களுக்கு வரும் கர்வத்தைவிட இது பொல்லாதது. இது தப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அறுபத்தாறாம் வருடக் கோடை விடுமுறையில் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்குப் புதுமுறைப் பயிற்சி என்று ஒன்று நடந்தது. வெயிலில் பட்டணம் போய் யார் உட்காருவது என்று லக்ஷ்மிநாராயணன் மருத்துவச் சான்றிதழ் கொடுத்துவிட்டார். ரத்தினபாய் போனார். பயிற்சி கொடுத்தவர்களில் ஞானையா என்று ஒருவர். தடித்த கண்ணாடி, கரகரத்த தொண்டை. முதல் நாளே அவர் சொன்னது ரத்தினபாய்க்கு ஆணி அடித்த மாதிரி பதிந்துவிட்டது.

"பாடம் நடத்தினீங்க, மணி அடிச்சாச்சு. ஒரு நிமிஷம் நின்னு உங்களையே கேட்டுப் பாருங்க. பிள்ளைங்க கத்துக்கிட்டாங்களா, இல்லை நான் மட்டும்தான் கத்தினேனா? பிள்ளைங்களுக்குப் புரியலைன்னா அது பிள்ளைங்க குறை இல்லை. உங்க திட்டத்துல ஓட்டை. அந்த ஓட்டை எங்கேன்னு எழுதி வையுங்க. மறுநாள் வேற வழியில போங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனை வருடம் தான் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம் என்று ரத்தினபாய்க்குப் பட்டது. மக்குப் பிள்ளைகள், மர மண்டைகள் என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பார்! திரும்பி வரும்போது ரயிலில் அவருக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. குறை தன்மேல் என்றால் அதைச் சரி செய்யத் தன்னால் முடியுமே.

ஜூனில் பள்ளி திறந்ததும் புது முறையில் தொடங்கினார். கதவைத் திறந்துகொண்டே 'நான் கதவைத் திறக்கிறேன்' என்று இங்கிலீஷில் சொல்வது, ஜன்னலை மூடிவிட்டு 'நான் ஜன்னலை மூடிவிட்டேன்' என்று சொல்வது, பிறகு வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்வது. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பாடம் முடிந்ததும், "அண்டர்ஸ்டுட்?" என்று கேட்டார். "யெஸ் டீச்சர்!" என்று கூரை அதிர்ந்தது. முன்பெல்லாம் என்றால் அதோடு விட்டிருப்பார். இப்போது ஞானையாவின் கரகரத்த குரல் காதில் கேட்டது. முன் பெஞ்சைக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை. அது எதைச் சொன்னாலும் பிடித்துக்கொள்ளும். கடைசி பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைப் பார்த்து, "சாயங்காலம் மணி அடிச்சதும் பூவரச மரத்துக்கிட்ட வா" என்றார்.

அந்தப் பெண் லோகநாயகி. நாகல்கேணியிலிருந்து நடந்து வருகிறவள். அப்பாவுக்குத் தோல் பதனிடும் கம்பெனியில் வேலை. வீடும் அதன் பின்னாலேயே. எவ்வளவு துவைத்தாலும் பாவாடை தாவணியில் அந்த வாடை கொஞ்சம் ஒட்டிக்கொண்டேதான் வரும். ஒன்பதாவதிலிருந்து அவள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. உட்கார வைத்தால் மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா வந்து நிற்பாள். ஆசிரியர்களும் அவளைக் கேள்வி கேட்க வேண்டியிருந்தால் தூரத்திலிருந்தே கேட்டுவிடுவார்கள்.

சாயங்காலம் மரத்தடியில் ரத்தினபாய் கேட்டார். "இன்னைக்கு என்ன சொல்லிக்குடுத்தேன், சொல்லு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரில டீச்சர்."

"ஒண்ணுமே புரியலையா?"

"புரில டீச்சர்."

ரத்தினபாய்க்குக் கோபம் வரவில்லை. குடையையும் பையையும் மரத்தில் சாய்த்துவிட்டு வேரின் மேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வாடை வந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை. கீழே கிடந்த பூவரசங்காய்களை எடுத்து வைத்தும் நகர்த்தியும் அதே பாடத்தை வேறு விதமாகச் சொன்னார். அவள் முகம் மெல்லத் தெளிந்தது. மறுநாள் வகுப்பிலும் அந்த வழியிலேயே நடத்தினார். முதல் நாள் கத்தியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் புரிந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பாடத்தை யோசிக்கும்போதே ரத்தினபாய் லோகநாயகியை நினைத்துக்கொள்வார். அவளுக்குப் புரிந்தால் வகுப்புக்கே புரிந்த மாதிரி. வாரத்தில் பல நாள் சாயங்காலம் மரத்தடி உண்டு. அவள் புரியவில்லை என்றால் இன்னொரு வழி, அதுவும் புரியவில்லை என்றால் இன்னொன்று. பஸ் டிக்கெட், தீப்பெட்டி, கிழிந்த காலண்டர் எல்லாம் பையில் ஏறின. "டீச்சர் பையா, காயலான் கடையா?" என்று தயாளன் வீட்டில் கேலி செய்தார். பாடக்குறிப்பின் கடைசி இடத்தில், எல்லோரும் நோக்கத்தை நிறைவேற்றிக்கொண்டிருந்த அந்த இடத்தில், ரத்தினபாய் நடந்ததை நடந்தபடி எழுதினார். 'என் விளக்கம் நீளம். லோகநாயகிக்குப் புரியவில்லை. நாளை வேறு வழியில்.' 'இன்றும் லோகநாயகிக்குப் பிடிபடவில்லை. உதாரணம் சரியில்லை, என் தவறு.' வாராவாரம் இப்படி. வாராவாரம் அதன் கீழே சிவப்புக் கையெழுத்து.

லக்ஷ்மிநாராயணன் ஒரு நாள் நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டார்.

"என்னம்மா இது, பாவமன்னிப்பு மாதிரி எழுதி வெச்சிருக்கேள்?"

"நடந்ததை எழுதியிருக்கேன் சார்."

"அதான் தப்புங்கறேன். தவளை தன் வாயால கெடும்பா. நீங்க பேனாவால கெடப் போறேள்."

ரத்தினபாய் சிரித்துக்கொண்டார். மனசுக்குள் அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டார் என்று சொன்னாலும் தப்பில்லை. ரத்தினபாயின் வகுப்பு நன்றாகத் தேறி வந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். அந்த வருடம் சோதனைக்கு வந்த அதிகாரி அவர் வகுப்பில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், மணி அடித்த பிறகுதான் எழுந்தார். இப்படி ஒரு நல்ல டீச்சர் நம் பள்ளியில் இருக்கிறார் என்று ஸ்ரீநிவாசராகவனே பள்ளி நிர்வாகக் கமிட்டியில் சொன்னார்.

மார்கழி வாக்கில் மரத்தடியில் லோகநாயகி ஒரு விஷயம் சொன்னாள். கேட்காமலே சொன்னாள்.

"டீச்சர், எங்கப்பா சொல்லிட்டாரு. பதினொண்ணாவுதுக்குப் போய்ட்டா எஸ்.எஸ்.எல்.சி. வரிக்கும் படிக்கலாமாம். அப்பாலிக்கா நர்ஸ் டிரெயினிங். பெயிலாயிட்டா எங்க மாமனுக்குக் கட்டிக் குடுத்துடுவாங்களாம்."

"எந்த மாமன்?"

"ராணிப்பேட்டைல கீது டீச்சர், எங்கம்மாவோட தம்பி. அதும் பொண்டாட்டி போன வருசம் செத்துப்பூட்ச்சி. ரெண்டு கொயந்திங்க. எங்கம்மா பாவம்ன்னு அழுதுகினே கீது."

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

பதினாறு வயதுப் பெண்ணிடம் இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டதும் கண் நிறைந்துவிட்டது.

"பயப்படாதே. உன்னைப் பதினொண்ணாவதுக்கு அனுப்பறது என் பொறுப்பு" என்றார் ரத்தினபாய்.

அந்தப் பள்ளியில் பத்தாவதிலிருந்து பதினொன்றுக்குப் போவது லேசான காரியம் இல்லை. பதினொன்றில் அரசாங்கப் பரீட்சை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் கமிட்டி தலைமையாசிரியரைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அங்கே விழக்கூடியவர்கள் என்று தோன்றுகிறவர்களை இங்கேயே நிறுத்திவிடுவது வழக்கம். எல்லாப் பள்ளியும் அந்தக் காலத்தில் செய்ததுதான். நூற்றுக்கு நூறு என்று வாசலில் எழுதிப் போட வேண்டுமானால் சில பெயர்களை உள்ளேயே அடித்தாக வேண்டும். நாலைந்து மதிப்பெண்ணில் தவறியவர்களைப் பற்றி அந்தந்தப் பாட ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவர் 'தேறிவிடுவான்' என்றால் போட்டுவிடுவதும் உண்டு.

லோகநாயகி மற்ற பாடங்களில் தேறியிருந்தாள். இங்கிலீஷில் நாலு மதிப்பெண் குறைந்தது. கேள்வித்தாள் முழுக்க நெட்டுருப் போட்டு எழுத வேண்டிய கட்டுரைகள். உரைநூல் வாங்கி உருப்போட்டவர்கள் தாண்டிவிட்டார்கள். அவளிடம் உரைநூல் ஏது? விடைத்தாள்களைத் திருத்தியது ரத்தினபாய்தான். சொந்தமாக எழுத வேண்டிய இரண்டு கேள்விகளுக்கும் அவள் நன்றாகவே எழுதியிருந்தாள். கூட நாலு மதிப்பெண் போட அவர் கை துறுதுறுத்தது உண்மை. போடவில்லை. தலைமையாசிரியரிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளலாம், அதுதான் நேர்மை என்று இருந்துவிட்டார்.

மே மாதம், அக்கினி நட்சத்திரம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்ததே தவிரக் காற்று வரவில்லை. ஸ்ரீநிவாசராகவன் மேசையில் இந்த வருடம் மதிப்பெண் பட்டியலோடு பாடக்குறிப்பு நோட்டுகளும் இருந்தன. போன வருடம் தேர்ச்சி விகிதம் இறங்கிவிட்டது. வெறும் வாய்வார்த்தையை நம்பி யாரையும் மேலே அனுப்பக் கூடாது, எழுத்தில் ஆதாரம் வேண்டும் என்று கமிட்டிச் செயலாளர் சொல்லிவிட்டாராம். எழுத்தில் இருப்பது பாடக்குறிப்பு ஒன்றுதானே. உத்தியோகத்தில் முதல் தடவையாகத் தலைமையாசிரியர் அவற்றைப் படித்திருந்தார்.

"உக்காருங்கோம்மா. லோகநாயகி. நாகல்கேணிப் பொண்ணுதானே? நாலு மார்க் துண்டு விழறது. என்ன சொல்றேள்?"

"போடலாம் சார். அவ தேறிடுவா. அதுக்கு நான் பொறுப்பு."

ஸ்ரீநிவாசராகவன் நோட்டைத் திறந்தார். அங்கங்கே காகிதத் துண்டு சொருகி வைத்திருந்தார். குரலை உயர்த்தாமல், ஒவ்வொன்றாகப் படித்தார். லோகநாயகிக்குப் புரியவில்லை. லோகநாயகிக்கு இன்றும் பிடிபடவில்லை. மூன்றாம் முறையும் லோகநாயகிக்குத் தெளியவில்லை. ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, தை பிறந்த பிறகும் ஒன்று.

"சார், அது அந்தப் பொண்ணைப் பத்தி எழுதினதில்ல. என்னைப் பத்தி எழுதினது. என் குறை. நான் சரியாத் திட்டம் போடலைன்னு..."

"உங்க குறையா?" அவர் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "நீங்க எப்பேர்ப்பட்ட டீச்சர்னு எனக்குத் தெரியாதா? இன்ஸ்பெக்ஷன்ல பார்த்தோமே! இப்படி ஒரு டீச்சர், வருஷம் பூரா, தனியா உக்கார வெச்சு, வழி வழியாச் சொல்லிக் குடுத்திருக்கேள். அப்பவும் புரியலைன்னா குறை யார் மேலம்மா?"

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அதுதான் கொடுமை. அவருக்குத் தெரிந்த நியாயம் அது.

"லக்ஷ்மிநாராயணன் பிரிவுலயும் இதே மாதிரி நாலஞ்சு பசங்க இருந்தா. அவர் நோட்ஸைப் பார்த்தேன். ஒரு இடத்துல ஒரு குறை இல்லை. அவ்வளவு பேரையும் போட்டாச்சு."

"அதெல்லாம் நிஜம்னு நினைக்கறீங்களா சார்?"

"நான் என்னம்மா நினைக்கறது? எழுத்துல இருக்கு."

"இந்தப் பொண்ணை நிறுத்தினா கல்யாணம் பண்ணி அனுப்பிடுவாங்க சார். ரெண்டு குழந்தைக்காரனுக்கு."

ஸ்ரீநிவாசராகவன் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் பெண்கள் உண்டு. கொஞ்ச நேரம் நோட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு பண்ணுங்கோ. இதுல எழுதினது சரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. அவளுக்குப் புரிஞ்சுதான் இருந்தது, நான்தான் ஏதோ அவசரத்துல தப்பா எழுதிட்டேன்னு. எழுதித் தரக்கூட வேண்டாம். வாயால சொன்னாப் போறும். செயலாளருக்கு நான் சமாதானம் சொல்லிக்கறேன். இந்த நிமிஷம் பாஸ் போட்டுடறேன்."

ஒரே ஒரு வாக்கியம். ரத்தினபாய் அதை நாக்கு வரைக்கும் கொண்டுவந்தார் என்றுதான் பிற்காலத்தில் தயாளனிடம் சொன்னார். ஆனால் மரத்தடியில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு 'புரில டீச்சர்' என்று சொன்னது கண்முன் நின்றது. அதைக் கேட்டுத்தானே ஒவ்வொரு வரியும் எழுதினார்? அது பொய் என்று சொன்னால் வருடம் முழுவதும் உழைத்தது என்ன ஆவது? அவர் நோட்டுக்கும் லக்ஷ்மிநாராயணன் நோட்டுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்? கமிட்டி ஆதாரம் கேட்டது, தலைமையாசிரியர் பொய் கேட்கிறார், ஒரு பெண் காத்துக்கொண்டிருக்கிறாள். மூன்றையும் எடை போட்டுப் பார்க்க அங்கே நேரம் இல்லை. பழக்கம்தான் முந்திக்கொண்டது.

"நான் எழுதினது உண்மை சார்" என்றார்.

ஸ்ரீநிவாசராகவன் பட்டியலில் லோகநாயகி பெயர்மேல் ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டார்.

வராந்தாவில் லக்ஷ்மிநாராயணன் நின்றுகொண்டிருந்தார். கேட்டுத் தெரிந்துகொண்டதும் தலையில் அடித்துக்கொண்டார். சிரிப்பு வராத லக்ஷ்மிநாராயணனை அன்றுதான் ரத்தினபாய் பார்த்தார்.

"ஒரு பொய்ம்மா! ஒரே ஒரு பொய்! நாங்கள்லாம் வருஷம் பூரா சொல்லிண்டிருக்கோம். ஒரு பொண்ணுக்காக உங்களுக்கு ஒண்ணு வரலையா?"

ரத்தினபாய் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். இன்னொரு வருடம் பத்தாவதிலேயே படிக்கட்டும், நன்றாகத் தேறிப் போகட்டும், அப்பாவிடம் நாமே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். விடுமுறையில் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்து போய்க்கொள்ளலாம் என்று இருந்தார். அதற்காகவும் அவர் பின்னால் தன்னை மன்னித்துக்கொள்ளவே இல்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. லோகநாயகி வரவில்லை. முதல் சனிக்கிழமை ரத்தினபாய் விசாரித்துக்கொண்டு நாகல்கேணிக்குப் போனார். கம்பெனிச் சுவரை ஒட்டிக் கால்வாய், அதில் செந்நிறமாகத் தண்ணீர். நெருங்க நெருங்க வாடை தொண்டையில் இறங்கிற்று. வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது.

அம்மா ஓடி வந்து பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். "குந்துங்க டீச்சரம்மா. இந்தக் குப்பையில உங்களக் கொண்டாந்து... வெள்ளிக்கெயம கண்ணாலம். நீங்க வர்ணும்."

"இன்னும் ஒரே வருஷம் படிக்கட்டும்மா. நிச்சயம் தேறிடுவா. நான் பொறுப்பு."

"போன வருசமும் நீங்கதான பொறுப்பு டீச்சரம்மா?"

குத்தலாகச் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னாள். "அவங்கப்பா சொன்ன வார்த்தைய மாத்த மாட்டாரு. பொண்ணுக்கும் படிப்பு மண்டையில ஏறலன்னு ஸ்கூல்லியே எய்திட்டாங்களாம். இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு, டீ வாங்கி வர டம்ளரை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

லோகநாயகி உள்ளேயிருந்து வந்தாள். முகத்தில் மஞ்சள். கையில் புது வளையல். டீச்சரைப் பார்த்ததும், வகுப்பில் நிற்பது போலவே நேராக நின்றாள்.

"வா, இப்படி உக்காரு."

அவள் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள்.

"என்மேல கோபமா?"

"இன்னாத்துக்கு டீச்சர்?"

"உனக்குப் புரியலைன்னு நான் எழுதி வெச்சதைப் பார்த்துத்தான் உன்னை நிறுத்திட்டாங்க. நான் உன்னைக் குறை சொல்லி எழுதலை, லோகநாயகி. எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியலைன்னுதான் எழுதினேன்."

"ஐயோ, நீங்க நல்லாத்தான் சொல்லித் தந்தீங்க." அவள் பதறிப்போனாள். வளையலை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள். "எனக்குப் புரிஞ்சிச்சு டீச்சர்."

"என்ன?"

"மொதல்ல ரெண்டு மூணு நாளு நெசமாவே புரில. அப்பால கிளாஸ்லியே புரிஞ்சிச்சு. முக்காவாசி நாளு புரிஞ்சிச்சு."

"அப்புறம் ஏன்மா புரியலைன்னு சொன்னே? தினம் தினம் கேட்டேனே!"

லோகநாயகி தெருவைப் பார்த்தாள். அம்மா இன்னும் வரவில்லை.

"புரிஞ்சிச்சின்னு சொன்னா, சரி வூட்டுக்குப் போன்னு சொல்லிடுவீங்களே டீச்சர். புரிலன்னாதான பக்கத்துல வந்து குந்தினீங்க? எம்பக்கத்துல வேற யாரு டீச்சர் குந்தினாங்க?"

ரத்தினபாய் வாய்விட்டு அழுதார். டீச்சர் அழுது பார்த்திராத அந்தப் பெண், என்ன செய்வதென்று தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா டீயோடு வந்து சேரும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பள்ளி உண்டு என்பதால் ரத்தினபாய் கல்யாணத்துக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகும் அவர் பத்து வருடம் போல அங்கே வேலை பார்த்தார். பாடங்களை நன்றாகவே தயார் செய்தார். நடத்தியது எப்படி என்று எழுதும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டுவிடுவார். ஸ்ரீநிவாசராகவனும் அவருக்குப் பின் வந்தவரும் அதைக் கவனிக்காமலே கையெழுத்துப் போட்டார்கள். லோகநாயகிக்குக் கல்யாணம் நடந்த வருட ஐப்பசியிலேயே ஒரு நாள் சாயங்காலம், மணி அடித்து எல்லோரும் போன பிறகு, அபிதகுஜாம்பாள் என்று ஒரு பெண் தயங்கித் தயங்கி மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், இன்னைக்கு நடத்தினது எனக்குப் புரியலை."

ரத்தினபாய் அந்தப் பெண்ணின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். அது உண்மையா இல்லையா என்று கண்டுபிடிக்க அவருக்கு இனி எந்த வழியும் தெரியவில்லை.

"புரியும்மா, போகப் போகப் புரியும். மழை வரும் போல இருக்கு, வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.